மச்சான் வண்டியின் கதவு

அந்த ஞாயிற்றுக்கிழமை அருள்குமார் அன்னூருக்குப் போனது கார் பந்தயத்துக்காக என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பட்டும். உண்மையில் அவன் போனது அக்கா புருஷன் செங்கோடனின் கண்ணில் படுவதற்கு. வருகிற வெள்ளிக்கிழமை சென்னிமலையில் அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்தவேண்டும். அக்காவுக்கு இவனை விட்டால் வேறு தம்பி கிடையாது. ஆனால் மச்சான் வந்து தாம்பூலம் வைத்து அழைத்தால்தான் மாமன் போகமுடியும். அழைப்பு வரவில்லை.

வராததற்குக் காரணமும் இவன்தான். அக்காவின் மூத்த பெண்ணுக்குக் காதுகுத்து நடந்த அன்றைக்கு, அப்போது வைத்திருந்த பழைய ஃபியட்டின் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிட்டு, நல்ல நேரம் எல்லாம் முடிந்த பிறகு போய் நின்றான். ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் வைத்து வேலையை முடித்திருந்தார்கள். பேசாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருந்தால் அதோடு போயிருக்கும். "மடிய வாடகைக்கு எடுத்துப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க மச்சான்" என்று பந்தி நடுவில் கேட்டான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

கார் பைத்தியம் மட்டும் இரண்டு பேரையும் விடவில்லை. செங்கோடனிடம் வெள்ளை நிற மாருதி 1000 இருந்தது. அருள்குமார் சிவப்பு நிற எஸ்டீம் வாங்கினான். தெரியாதவர்கள் அவை வேறு வேறு கார் என்பார்கள். தெரிந்தவர்களுக்கு, எஸ்டீம் என்பது 1000-இன் உடம்புக்குள் பெரிய இன்ஜினை வைத்தது; கதவு, பானெட், டிக்கி எல்லாம் ஒரே தகடு. இதை அருள்குமார் யாரிடமும் சொல்வதில்லை. செங்கோடன் எல்லோரிடமும் சொல்வார்.

பந்தயம் வற்றிய குளத்துக்குள் நடந்தது. ஒவ்வொரு வண்டியாக மண்பாதையில் சுற்றி வரவேண்டும். ஆளுக்கு இரண்டு சுற்று, அதில் குறைந்த நேரம்தான் கணக்கு. முதல் சுற்றிலேயே செங்கோடனின் கியர்பாக்ஸ் கையை விரித்துவிட்டது. அருள்குமார் ஒரு வளைவில் வேலிக்கல்லை உரசி, டிரைவர் பக்கத்துக் கதவை அங்கேயே விட்டுவிட்டு வந்து சேர்ந்தான். கதவில்லாத வண்டியை இரண்டாம் சுற்றுக்கு விடமுடியாது என்று கமிட்டியார் மிகுந்த மரியாதையோடு சொன்னார்கள்.

கோட்டைமேட்டு டிங்கர் நசுருதீன் இரண்டு வீட்டு வண்டிகளுக்கும் தகடு வேலை பார்ப்பவர். அன்றைக்கும் கருவிப் பெட்டியோடு வந்திருந்தார்.

"தம்பி, கதவு அங்க நிக்குது. கீலு போல்ட்டக் கழட்டி இதுல மாட்டுனா வேலை முடிஞ்சுது. மச்சானக் கேளுங்க" என்றார்.

மச்சான் கைக்கெட்டும் தூரத்தில், அந்தக் கதவின் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"பாய், கதவு வேணும்னு சொல்லுங்க" என்றான் அருள்குமார்.

நசுருதீன் அந்தப் பக்கம் திரும்பினார். "அண்ணா, கதவு வேணுங்களாமா."

"எஸ்டீமுக்கு 1000 கதவு சேருமான்னு கேளுங்க பாய்" என்றார் செங்கோடன்.

"சேருமான்னு கேக்கறாருங்க தம்பி."

அருள்குமாருக்கு முகம் சுண்டியது. வண்டி வாங்கின நாளிலிருந்து கட்டிக் காத்த மானம் அது. "ரெண்டும் ஒரே தகடுதான்னு சொல்லிருங்க பாய்."

செங்கோடன் கதவிலிருந்து முதுகை எடுத்தார். சம்மதம் என்பதை அதைவிட விளக்கமாகச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

வெள்ளைக் கதவு சிவப்பு வண்டியில் அச்சாகப் பொருந்தியது. அதில் செங்கோடனின் ஏழாம் நம்பர் ஒட்டியிருந்தது; டிரைவர் பக்கத்துக் கதவில் மட்டும்தான் நம்பர் ஒட்டுவார்கள். அருள்குமாரின் நம்பர் பன்னிரண்டு. ஏழின் மேல் காகிதத்தை வைத்து டேப் ஒட்டி, பேனாவால் பன்னிரண்டு என்று எழுதினார்கள். முதல் வளைவின் புழுதியில் டேப்பும் காகிதமும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன. அருள்குமார் அதைக் கவனிக்கவில்லை. வேலிக்கல் வளைவில் கரைமேல் நின்ற மச்சான், மெதுவாக, மெதுவாக என்று கையைக் காட்டியதைத்தான் கவனித்தான். மெதுவாக எடுத்துத் திருப்பினான். அதன் பிறகு யாரும் பிடிக்கமுடியாத வேகத்தில் வந்தான்.

"முதலிடம், ஏழாம் நம்பர் வண்டி, திரு. செங்கோடன் அவர்கள்" என்று மைக் சொன்னது. உடைந்த கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த திரு. செங்கோடன், டம்ளரைக் கீழே வைத்தார்.

அருள்குமார் கமிட்டித் தலைவர் அங்கப்பனின் மேஜைக்கு ஓடினான். "நானுங்க ஓட்டுனது."

"நீங்க சொன்னாச் சரிங்க. ஆனா நம்பரு வேற சொல்லுதுங்களே" என்ற அங்கப்பன், பின்னாலேயே வந்த செங்கோடனைப் பார்த்தார். "ஏனுங்க, வண்டி நீங்க ஓட்டுனீங்களா?"

"இல்லீங்க. என்ற வண்டி காலைலயே படுத்துக்கிச்சு."

"அப்பறம் உங்க கதவப் போட்டுக்கிட்டு ஓட்டுன இவரு யாருங்க உங்களுக்கு?"

அருள்குமார் மச்சானின் வாயையே பார்த்தான். ஓட்டும்போது பாதையைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. 'சம்சாரத்தோட தம்பி' என்று மச்சான் சொல்லிவிட்டால் அது வெறும் விவரம். யாரைப் பற்றி வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாம்.

செங்கோடன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என்ற பையனுக்குத் தாய்மாமனுங்க" என்றார். "வெள்ளிக்கெழம சென்னிமலைல காதுகுத்து. இவரு மடியிலதானுங்க வெச்சுக் குத்தோணும்."

அங்கப்பன் அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, யார் ஓட்டியிருந்தாலும் தப்பான நம்பரோடு ஓடிய சுற்று விதிப்படி செல்லாது என்றும், கப் அடுத்த வண்டிக்குப் போகிறது என்றும் சொன்னார். எப்படி, ஏன் என்று நீளமாக விளக்கினார். அருள்குமார் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். அவன் அழுதுகொண்டிருந்தான். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்தது நல்லதாகப் போயிற்று.

அங்கப்பன் முடித்ததும், பக்கத்தில் வந்து நின்ற நசுருதீனின் கையைப் பிடித்தான். "பாய், எத்தன மணிக்குன்னு கேளுங்க."

நசுருதீன் திரும்புவதற்குள் செங்கோடன் நேராக இவனைப் பார்த்தார்.

"மத்தவங்களுக்குக் காலைல ஆறரை" என்றார். "உனக்கு நாலு மணி, மாப்ள."