சாய்ந்து கிடந்த துண்டு

மெழுகுக்கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் தான் செய்த தப்பு சங்கரிக்குத் தெரிந்தது. உள்ளே மிளகளவு இருந்த சதைத்துண்டு நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து கிடந்தது. கட்டியின் எண்ணைப் பதிவேட்டில் பார்த்தாள். அஞ்சனா, வயது முப்பத்தொன்பது, ஊர் தாமல். நாக்கின் இடது ஓரம்.

காஞ்சிபுரத்துக்கு வெளியே இருந்த அந்தப் புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பதினான்கு வருட சர்வீஸ். டாக்டர்கள் வெட்டியனுப்பும் சதையை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பது அவள் வேலை. அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் புற்றா இல்லையா என்று எழுதுவது டாக்டர் கமலவேணி. போன வாரம் கருட சேவைக் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டதில் தாமதமாக வந்து, முப்பத்தெட்டுத் துண்டுகளை ஒரே மூச்சில் பதித்திருந்தாள். அந்த அவசரத்தில் நேர்ந்தது.

ரிப்போர்ட் போய்விட்டது. புற்று ஆழமாக இறங்கிவிட்டதாக எழுதியிருந்தது. வியாழக்கிழமை ஆபரேஷன்: நாக்கின் இடப்பக்கத்தில் பெரும்பகுதி, கூடவே கழுத்தைத் திறந்து நிணநீர் முடிச்சுகளும்.

வாயின் உட்தோலில் அடியடுக்குச் செல்கள்தான் பிரிந்து பெருகி மேலே வருகின்றன. அதில் ஒன்றுக்கு எங்கே நிறுத்துவது என்பது மறந்துபோனால், அதிலிருந்து பிறப்பவையும் நிறுத்துவதில்லை, குவிந்துகொண்டே போகும். ஆனாலும் தோலுக்கு அடியில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதைத் துளைக்காதவரை அந்தக் கூட்டம் இருந்த இடத்திலேயே கிடக்கும். துளைத்துவிட்டால் ரத்தத்துக்கும் கழுத்துக்கும் வழி கிடைத்துவிடும். துண்டைச் சாய்த்துச் சீவினாலோ, விரல்விரலாகக் கீழே இறங்கியிருக்கும் தோலின் மடிப்புகள் தனித்தனித் தீவுகளாகத் தெரியும். பார்ப்பவர் கண்ணுக்குச் சவ்வைத் தாண்டி வந்தவை போலவே இருக்கும்.

உண்மையிலேயே தாண்டியும் இருக்கலாம். சொல்லாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் முந்தாநாள் வராந்தாவில் அஞ்சனா அவளிடம் வந்து, பேரைச் சொல்லி, தான் வெற்றிலைகூடப் போட்டதில்லை என்றும், உடைந்த பல் ஒன்று வருடக்கணக்காக உரசிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டதாகவும் சொன்னாள். சங்கரி யார் என்று தெரியாமலே, வெள்ளைக் கோட்டைப் பார்த்துச் சொன்னாள்.

சங்கரி மெழுகுக்கட்டியோடு எழுந்து டாக்டர் கமலவேணியிடம் போனாள்.

"மேடம், இந்த நாக்கு பீஸ நான்தான் சாய்ச்சு வெச்சுட்டேன். அந்த ரிப்போர்ட்ட நம்ப முடியாது."

டாக்டர் கமலவேணி பழைய கண்ணாடிச் சில்லை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து மறுபடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மிச்சம் எவ்ளோ இருக்குது?"

"அரை அரிசி அளவு மேடம்."

"அதுவும் போச்சுன்னா, கையில ஒண்ணுமே இருக்காது."

"தெரியும் மேடம். நானே சீவறேன்."

மெழுகை உருக்கி, துண்டை இடுக்கியால் நிமிர்த்தி, மறுபடி உறையவிட்டாள். சீவல் காற்றில் பறந்துவிடும் என்று ஃபேனை அணைத்தாள். முதல் சீவல் கிழிந்தது. இரண்டாவது சுருண்டது. கத்தியை மாற்றி, ஐஸில் கட்டியை இன்னொரு முறை குளிரவைத்து, மூச்சைப் பிடித்துச் சீவும் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றினாள். மூன்றாவது முழுசாக இறங்கி வெந்நீரில் விரிந்தது. அதற்கடுத்து வரிசையாக எட்டு.

சாயமேறியதும் டாக்டர் கமலவேணி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசிக் கண்ணாடியை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுக்காமலே நாற்காலியை விட்டு எழுந்தார்.

"உக்காரு. நீயே பாரு."

பதினான்கு வருடத்தில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஊதா நிறத்தில் தாறுமாறாக நெருக்கியடித்த செல்கள். மேலிருந்து அடிவரை முழுக்கக் கெட்டுப்போனவை. ஆனால் அவற்றின் அடியில் சவ்வின் கோடு ஓடிக்கொண்டிருந்தது. மடிப்புக்கு மடிப்பு வளைந்து, இறங்கி, ஏறி, எங்கும் அறுபடாமல். சங்கரிக்குக் கண் கலங்கிப் படம் மங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

அறுவை சிகிச்சை டாக்டர் தேவசகாயம் தானே இறங்கி வந்து பார்த்துவிட்டு, ஆபரேஷனை மாற்றி எழுதினார். வியாழக்கிழமை நாக்கோரத்தில் புளியங்கொட்டை அளவுதான் எடுத்தார்கள். கழுத்தில் கத்தி படவில்லை. எடுத்ததை சங்கரி அடுத்த நாளே முழுவதுமாகச் சீவினாள். ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை சரிபார்த்து நிமிர்த்தி வைத்தாள். ஒன்றில்கூடச் சவ்வு உடையவில்லை. வெட்டிய ஓரமும் சுத்தம். நடந்த தவறைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும் என்று டாக்டர் கமலவேணி சொன்னார். சங்கரி கீழே கையெழுத்துப் போட்டாள். அன்று முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

பத்து நாள் கழித்து, வேலை முடிந்து வெளியே வரும்போது வேப்பமரத்தடி பெஞ்சில் அஞ்சனாவும் அவள் கணவன் நிர்மலும் உட்கார்ந்திருந்தார்கள். பல்லை ராவிவிட்டார்களாம், இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதுமாம். நிர்மல் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். அதனால் டப்பாவை அங்கேயே திறந்திருந்தார்கள்.

"மெதுவா சாப்டு. டைம் இருக்குது," என்றான் நிர்மல்.

அஞ்சனா தயிர்சாதத்தை உருட்டி வாயில் வைத்து, வலப்பக்கமாக ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். பிறகு, பயந்து பயந்து, நாக்கை இடப்பக்கமும் கொண்டுபோனாள். அவளுக்குப் பின்னால் வெயில், சாலைக்கு மேலே இன்னும் ஒரு முழம் இருந்தது.