கமர் நிஷாவின் சுண்ணாம்புப் படகு

ஐம்பத்தாறாம் வருஷத்து ஐப்பசியில், பழவேற்காட்டு ஏரிக்கரையில் கமர் நிஷாவின் கிளிஞ்சல் சூளை எரிந்து ஆறியிருந்தது. புருஷன் போன பிறகு சூளையும் அவள்தான், வியாபாரமும் அவள்தான். சுட்ட சுண்ணாம்பு கூடை கூடையாகக் கொட்டகையில் காத்துக் கிடந்தது. படகோ, தண்ணீர் புகாமலிருக்கப் பலகை இடுக்கில் புதிதாய்ப் பூசிய கீல் காயாமல் கரையில் கவிழ்ந்து கிடந்தது.

"இன்னா சடையப்பா, காஞ்சிச்சா?"

"எங்க பீபிம்மா! தொட்டா உட மாட்டேங்குது, கடங்காரன் கணக்கா." படகுக்காரன் சடையப்பன் விரலை வேட்டியில் துடைத்தான்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள வரலன்னா வேற சூளையில வாங்கிக்கறேன்னுட்டான் மெட்ராஸ் கன்ட்ராக்டரு."

"சொல்லுவான். அவனா வந்து கோல் போடப்போறான்?"

பொறுத்தாள். பொறுக்கப் பொறுக்க வாடைக் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. கூடைக்குள் கைவிட்டால், கல்லாய் இருந்த சுண்ணாம்பு ஓரத்தில் மாவாய் உதிர்ந்தது. காற்றிலேயே நீறிப்போன சரக்கை எவன் வாங்குவான்? வடக்கே வானம் வேறு கறுத்தது.

"ஏத்து சடையப்பா. மழ வந்தா அல்லாமே மண்ணு."

"இன்னும் ஒரு நாளு காஞ்சா..."

"அப்பொறம் ஏத்தறதுக்கு இன்னா இருக்கும்? நீயே சொல்லு."

சடையப்பன் கீலைத் தொட்டுப் பார்த்தான். வானத்தையும் பார்த்தான். "சர்தான், போவலாம்."

படகைத் திருப்பித் தண்ணீரில் இறக்கி, கூடைகளை அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பித் தள்ளினார்கள். சடையப்பன் ஏறிக் கோல் போட்டான்; கமர் நிஷா கரையில் நின்றாள். கூப்பிடு தூரம்கூடப் போகவில்லை. அடியிலிருந்து வெள்ளையாய் ஆவி கிளம்பிற்று.

"கீல் உட்டுக்கிச்சி பீபிம்மா! தண்ணி பூந்து சுண்ணாம்பு கொதிக்குது!"

"குதி! சரக்கு போவட்டும், நீ குதி!"

அவன் குதித்து, இடுப்பளவுத் தண்ணீரில் தடுமாறிக் கரையேறினான். அதற்குள் வைக்கோல் பற்றிக்கொண்டது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த கன்னியம்மா குடத்தோடு ஓடிவந்தாள்.

"ஊத்தாதம்மா!" கமர் நிஷா குறுக்கே கை விரித்தாள். "சுண்ணாம்பும்மா அது. ஒரு கொடம் ஊத்துனா இன்னும்தான் கொதிக்கும்."

"இன்னாக்கா இது, ஏரி நெறைய தண்ணிய வெச்சிக்கினு!"

"முழுக அடிச்சிடலாமா சடையப்பா? மொத்தமா தண்ணிக்குள்ள போனா நெருப்பு அணையும், படகாவது மிஞ்சுமே."

"சேத்துல குந்திக்கிச்சிம்மா. முழுக அங்க தண்ணி ஏது?"

"நாளைக்கி அனுப்பியிருந்தா சடையப்பா?"

"பாதி மாவாயிருக்கும்."

"அப்ப இப்ப இன்னாதான் பண்றது?"

சடையப்பன் வெந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தான். "எரிஞ்சி அடங்கட்டும் பீபிம்மா. வேற இன்னா பண்றது."

பாய்மரம் சாய்ந்தது. கன்னியம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே நின்றாள்.