மூன்றாவது ஓட்டை

வெங்கடாசலம் டவலைப் பிரித்து ஹெல்மெட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்ததும் ஞானேஸ்வரன் செய்த முதல் வேலை, குனிந்து அதை மோந்து பார்த்ததுதான். புதுப் பெயின்ற் மணந்தது. இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். மனிதரானாலும் தகரமானாலும் மேலே பூசியதைக் கண்டு அவர் ஒருநாளும் மயங்கியதில்லை.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு கராஜில் பதினாறு வருடம், இடிபட்ட கார்களின் நெளிவை எடுத்துப் பெயின்ற் அடித்தவர். எந்தக் கதவை மாற்றியிருக்கிறார்கள், எங்கே புட்டிப் பசை வைத்து மறைத்திருக்கிறார்கள் என்பதை ரோட்டில் போகிற காரைப் பார்த்தே சொல்லுவார். அந்தக் கண்ணுக்காகத்தான் வெங்கடாசலம் அவரைக் கூப்பிடுகிறவர். மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, கணக்காய்வாளராகி, ஓய்வு பெற்ற பிறகு ஜெர்மன் பட்டாளத்து ஹெல்மெட் சேர்க்கத் தொடங்கியவர் அவர்.

"பதினாலு ஹெல்மெட், அண்ணே. ஒண்ணாவது இவரு மண்டைக்குப் பொருந்துமா, கேளுங்க," என்றாள் வெங்கடாசலத்தின் மனைவி வான்மதி, தேநீரை வைத்துக்கொண்டே.

"உள்ள ஏதும் இருந்தாத்தானே தங்கச்சி, காப்பாத்தத் தொப்பி வேணும்."

வெங்கடாசலத்துக்குச் சிரிக்க நேரமில்லை. "இன்டர்நெட்ல வாங்கினேன், அண்ணே. முப்பத்தஞ்சாம் வருஷத்து மாடலாம். கைபடாதது, சண்டை முடிஞ்ச நாள்லேருந்து பரண்லயே இருந்துச்சாம். சொல்லுங்க, அசலா?"

ஞானேஸ்வரன் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். காற்றுத் துவாரத்தில் தனி வளையம் செருகி அடித்திருந்தது. நாற்பதுக்குப் பின் வந்தவற்றில் தகட்டையே அமுக்கித் துவாரத்தின் விளிம்பாக்கிவிட்டார்கள். இடது ஓரத்தின் உட்பக்கம் எழுத்தும் அளவும் ஆழமாகக் குத்தியிருந்தன. இரும்பு சரி. உள்ளிருந்த தோல் புதுசு; தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துக் கிழவனாக்கியிருந்தார்கள். தோலைத் தூக்கிப் பார்த்தபோது, பெயின்றுக்கு அடியில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இரும்பு அரிபட்டிருந்தது. பரணில் சும்மா கிடந்த இரும்பு இப்படி அரிபடாது.

சட்டைப்பையிலிருந்து நூலில் கட்டிய சின்னக் காந்தத்தை எடுத்துத் தகட்டின்மேல் இழுத்துக்கொண்டு போனார். பின்பக்கம், ஓரத்துக்கு நாலு விரல் மேலே, காந்தம் பிடி விட்டுத் தொங்கியது. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்திலும் தொங்கியது. இரண்டு புட்டி. இரண்டு ஓட்டை.

இரண்டுக்கும் நடுவிலிருந்த தூரத்தை விரலால் அளந்தார்.

எண்பத்து நாலில், ஜெர்மனியில் மூன்ஸ்ரர் பக்கத்து ஒரு மாட்டுப்பண்ணை. அகதி வழக்குப் போட்டவனுக்கு வேலை செய்ய அனுமதியில்லை, களவாகத்தான் செய்தார். சாணியும் மூத்திரமும் நிறைந்த குழியை அள்ள, நீளத் தடியின் முனையில் இதே மாதிரி ஒரு ஹெல்மெட்டை அடித்து வைத்திருந்தாள் பண்ணைக்காரி ஹெட்விக். புருஷனைப் பறிகொடுத்தவள். ஆருடைய தொப்பி என்று சைகையால் கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள். அவளும் பேச்சில் ஒளிவுமறைவு வைக்காதவள், அவரைப் போலவே. இவருக்கு அவள் பாஷையில் அறுபது சொல் தெரியும், அவளுக்கு இவருடைய பெயர் பாதி தெரியும். ஞானா. வேலை முடிந்ததும் கூஜாவில் சுடுதண்ணீர் கொண்டு வந்து அவர் கைகளில் ஊற்றுவாள். நகக்கண் வெளுக்கும் மட்டும் ஊற்றுவாள். நாலு வருடம். பிறகு ஊரிலிருந்து மனைவி நிர்மலாவும் பிள்ளைகளும் லண்டனுக்கு வந்து சேர்ந்த செய்தி வந்தது. விடியப் பஸ்ஸில் ஏறினார். ஹெட்விக்கிடம் சொல்லவில்லை. அறுபது சொல்லில் அதற்கான சொல் இல்லை என்று தனக்கே பொய் சொல்லிக்கொண்டார்.

அந்தத் தொப்பியில் மூன்று ஓட்டை. மூன்றாவது அவர் துளைத்தது. தடி ஆடியதால் கூடுதலாக ஒரு ஆணி போட வேண்டியிருந்தது. துளை போடும் கைத்துரப்பணம் வழுக்கி, முதல் இரண்டுக்கும் கீழே கொஞ்சம் கோணலாக விழுந்தது.

காந்தத்தை அந்த இரண்டு புட்டிக்கும் கீழே இறக்கினார். பிடித்தது. திரும்ப இழுத்தார். பிடித்தது.

"என்ன அண்ணே, அசலா இல்லையா?" என்றார் வெங்கடாசலம்.

"இரும்பு அசல். ஆனா இது சாணி அள்ளின தொப்பி. ரெண்டு ஓட்டையை அடைச்சு, பெயின்ற் அடிச்சு உங்கட தலையில கட்டியிருக்கிறான்."

"ஐயே!" வான்மதி தேநீர்க் கோப்பைகளை அள்ளிக்கொண்டு எழும்பினாள். "சாப்பிடற மேசைங்க அது! முதல்ல எடுங்க."

"திருப்பி அனுப்பிடறேன். திங்கக்கிழமையே," என்றார் வெங்கடாசலம்.

ஞானேஸ்வரனின் கை ஹெல்மெட்டை விடவில்லை. அவர் காந்தத்தையும் நம்புகிற ஆளில்லை. மூன்றாவதைப் புட்டியால் அடைக்காமல் இரும்பு வைத்து வெல்ட் பண்ணியிருந்தால் காந்தத்துக்கு என்ன தெரியும்? உலகத்தில் இப்படி எத்தனையாயிரம் தொப்பி சாணி அள்ளியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியாததில்லை.

"தங்கச்சி, நகப்பூச்சு அழிக்கிற தண்ணி கிடக்கோ? கொஞ்சப் பஞ்சும்."

குப்பி வந்தது. பஞ்சை நனைத்து அவர் குனிந்ததும் வெங்கடாசலம் எட்டி மணிக்கட்டைப் பிடித்தார். "அண்ணே, பெயின்ட் போச்சுன்னா அவன் திருப்பி எடுக்க மாட்டான்."

"அனுப்பாதேங்கோ. எனக்குத் தாங்கோ."

"உங்களுக்கா? சாணி அள்ளினதுன்னு நீங்கதானே சொன்னீங்க. எதுக்கு?"

யாருடைய குறையையும் முகத்துக்கு நேரே சொல்லிப் பழகிய வாய், இப்போது தன்னுடையதைச் சொல்ல வேண்டியிருந்தது. குசினியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது. வான்மதி வாசலில் வந்து நின்றாள்.

"ஒரு பொம்பிளை இருந்தவ," என்றார் ஞானேஸ்வரன், ஹெல்மெட்டைப் பார்த்தபடியே. "ஹெட்விக் எண்டு. நிர்மலாவுக்குத் தெரியாது."

மணிக்கட்டிலிருந்து வெங்கடாசலத்தின் பிடி ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது.

மூன்றாவது ஓட்டை கோணலாக விழுந்த இடம் என்று அவர் கை சொன்ன இடத்தில், வெல்ட் தடம் தேடிப் பஞ்சை வைத்துத் தேய்த்தார். புதுப் பச்சை கரைந்து பஞ்சில் ஏறியது. அதன் கீழே ஒரு சாம்பல் நிறம், அதுவும் மெல்ல இளகியது. விரல் நுனிகள் குளிர்ந்து விறைத்துக்கொண்டு வந்தன. வேறு பஞ்சை எடுத்து நனைத்தார். தேய்க்கத் தேய்க்க, ஒரு அரிசியளவுக்கு இரும்பு வெளுக்கத் தொடங்கியது.