இரண்டு முறை எடுத்த சில்

பிற்பகல் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே தினிதியின் கை நடுங்கத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த அம்மா சோமலதா அதைக் கண்டுவிட்டாள். பதினைந்து வயது மகளுக்குச் சீனி வருத்தம், இன்சுலின் ஊசியால் ஓடுகிற உடம்பு. பௌர்ணமிப் போயா நாளில் சில் என்கிற புத்த நோன்பை எடுத்தால் நண்பகலிலிருந்து மறுநாள் விடியும்வரை சாப்பாட்டைத் தொடக்கூடாது. வேண்டாம் என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். அந்தப் பிடிவாதக்காரியோ டாக்டரிடமே போய்க் கேட்டு, மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டு, வெள்ளை உடுத்தி விகாரையில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

தினிதி விரலைக் குத்திப் பார்த்தாள். சீனி இறங்கியிருந்தது. உடனே ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டாள். கருப்பட்டி மருந்தில் சேர்த்தி, அதனால் சில் முறியாது.

முன்வரிசைக் குணவதி திரும்பினாள். "பசி பொறுக்க ஏலாத பிள்ளைக்கு என்னத்துக்குச் சில்?"

"பசியில்ல நெந்தே, வருத்தம்," என்று அந்த மாமிக்குச் சொன்னாள் தினிதி.

சோமலதா மகளின் காதில் கிசுகிசுத்தாள். "கருப்பட்டி கனநேரம் தாங்காது. பையில பாண் வச்சிருக்கேன். பின்பக்கமாப் போய்த் தின்னு. ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

"பாண் தின்னத்தான் வேணும். ஆனா களவாத் தின்ன மாட்டேன்மா."

நடுக்கம் சற்றுத் தணிந்ததும் பாண் ரொட்டிப் பொதியோடு எழுந்து, அத்தனை வரிசையையும் தாண்டிப் பிக்குவின் முன்னால் போய் மண்டியிட்டாள்.

"ஹாமுதுருவனே, என்ட சில்லைத் திருப்பித் தாறேன். சீனி இறங்கிட்டு. சாப்பிடணும்."

பிரசங்கம் நின்றது. சோமலதாவுக்குத் தலை தானாகக் குனிந்தது. பிக்கு அவளைச் சில்லிலிருந்து முறைப்படி விடுவித்தார். தினிதி தூணோரம் உட்கார்ந்து, எல்லோர் கண்முன்னும், நன்றாக மென்று சாப்பிட்டாள். தண்ணீர் குடித்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி விரலைக் குத்திப் பார்த்தாள்.

"இப்ப சரி ஹாமுதுருவனே. இனி விடியும்வரைக்கும் திரும்பச் சில் தாங்க."

சோமலதா மகளையே பார்த்தாள். வருத்தத்துக்கும் பயப்படாமல், மனுஷருக்கும் பயப்படாமல் நிற்கிற இவளையா நான் மறைத்து வைக்கப் பார்த்தேன்! எழுந்து போய் மகளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

பிக்கு சில் வாசகங்களைச் சொல்லச் சொல்ல, தினிதியின் குரல் தனியாக, பிசிறில்லாமல் எழுந்தது. அவளுடைய வெள்ளைச் சட்டையில் பாண் துகள்கள் ஒட்டியிருந்தன. தட்டிவிட நீண்ட கையை மடக்கி, சோமலதாவும் கும்பிட்டாள்.