உங்கள் பிரவுசர் பாதுகாப்பானதல்ல

திங்கட்கிழமை காலை, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் கணினி கையை விரித்துவிட்டது. "உங்கள் பிரவுசர் பாதுகாப்பானதல்ல" என்று சொல்லி, குடிநீர்த் துறையின் இணையதளம் அதை உள்ளே விட மறுத்தது.

பரிசோதகி மறுபடி முயன்றாள். அதே பதில். தண்ணீரில் ஈயம் அளக்கும் இயந்திரமும் அதை ஓட்டும், யூனிக்ஸ் என்ற இயங்குதளம் கொண்ட கணினியும் பதினெட்டு வருடத்துக்கு முன் ஒன்றாக வந்தவை. ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. நடுவில் யாரும் எண்ணை மாற்றிவிடக் கூடாது என்பதால், முடிவுகளை அந்தக் கணினியிலிருந்தே அனுப்ப வேண்டும் என்பது விதி.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "தூக்கிப் போட்டுடலாம்மா. புதுசு வர்ற வரைக்கும் சாம்பிளை வெளியூருக்கு அனுப்புங்க."

"அங்க இருபது நாள் ஆகும் சார். இது பேட்டரி பட்டறைத் தெருக் கிணத்துத் தண்ணி. அதுவரைக்கும் அவங்க இதைத்தானே குடிப்பாங்க?"

"அதுக்கு என்ன பண்றது?"

"பண்ணிக் காட்டறேன்."

கூடத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் அவளுடைய கொழுந்தன்தான். வந்தவன் தலையைச் சொறிந்தான்.

"செஞ்ச கம்பெனியே இதைக் கைகழுவிட்டாங்க அண்ணி." கொஞ்ச நேரம் தேடியதும் முகம் மலர்ந்தான். "இதோ, இதுல ஓடற புது பிரவுசர் ஒண்ணு இருக்கு! இறக்கவா?"

"யார் செஞ்சது?"

"தெரியல."

"ஊரு பேரு தெரியாதவன் கையில வீட்டுச் சாவியைக் குடுப்பியாடா? மூடு அதை."

மறுநாள் முழுக்கத் தேடினாள். அந்தப் பழைய யூனிக்ஸை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் பேசிக்கொள்ளும் மின்னஞ்சல் குழு ஒன்று கிடைத்தது. அதில் ரயில்வே சிக்னல் பொறியாளர் ஒருத்தி, தன் வேலைக்கும் அதே கணினி வேண்டும் என்பதால், பிரவுசருக்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களை மாதாமாதம் இதற்குப் பொருத்தி வெளியிட்டு வந்தாள். கோப்புக்குக் கைரேகை போல, அறுபத்து நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு வரியையும் தன் பக்கத்தில் போட்டிருந்தாள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி மாறிவிடும்.

அந்தப் பக்கத்திலிருந்து இறக்க நேரமாகும் என்று கொழுந்தன் சொன்னதால், வேறொரு தளத்திலிருந்த பிரதியை இறக்கினார்கள். இறக்கிய கோப்பின் வரியை அவன் படிக்க, பரிசோதகி அதைப் பொறியாளர் போட்ட வரியோடு சரிபார்த்தாள். முதல் எழுத்தே உதைத்தது.

"ஒரு தடவை ஓட்டித்தான் பாப்போமே அண்ணி."

"ஓட்டிப் பாக்க இது சைக்கிளா?"

பொறியாளருக்கு எழுதினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "நல்லவேளை கேட்டீர்கள். அந்தத் தளத்தின் பிரதியில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். என் பக்கத்திலிருந்தே எடுங்கள்."

இந்த முறை அறுபத்து நான்கும் பொருந்தின. கிடைத்தது மூல நிரல்தான்; இனி அந்தக் கணினியிலேயே அதிலிருந்து பிரவுசரைக் கட்டியெழுப்ப வேண்டும். புதன்கிழமை முழுவதும் அது உறுமிக்கொண்டே இருந்தது. இரண்டு முறை பாதியில் நின்றது. பொறியாளர் சொன்ன துணைக் கோப்புகளைச் சேர்த்து, இரண்டு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். வியாழன் காலை துறையின் தளம் திறந்தது.

மேலாளர் ஓடிவந்தார். "யாரைக் கேட்டும்மா பண்ணுனீங்க? அனுப்பாதீங்க. ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்!"

"என் பேரைப் போட்டுத்தான் அனுப்பறேன் சார். உருண்டா என் தலை உருளட்டும்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பினாள். ஈயம், அனுமதித்த அளவைப் போல ஒன்பது மடங்கு. அன்று மதியமே துறை ஆட்கள் கிணற்றை மூடி முத்திரை வைத்தார்கள். தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் மேஜையில், விளக்கம் கேட்டு மேலாளர் எழுதிய கடிதம் கிடந்தது. மூன்று பக்கம் பதில் எழுதினாள். எங்கே எடுத்தாள், எதை மறுத்தாள், எப்படிச் சரிபார்த்தாள் என்று ஒன்று விடவில்லை. கடைசியில் சேர்த்தாள்: "இதற்கு மாதந்தோறும் திருத்தம் வரும். மாதந்தோறும் போடுவேன். அவற்றுக்கும் விளக்கம் வேண்டுமானால் மொத்தமாக இப்போதே கேட்டுவிடுங்கள்."

மேலாளர் படித்தார். மறுபடி படித்தார். இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த மாதத் திருத்தத்தை அவள் போட உட்கார்ந்தபோது, அவர் எழுந்துபோய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.