துடக்கு வீட்டுச் சாரை

உறைபெட்டியைத் திறந்தது தவநாயகி அக்கா. பட்டாணி தேடினார். எலிகள் கிடைத்தன.

பதினொரு எலிகள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில், வெள்ளையாக, ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. நான் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். அந்த நாட்களில் எனக்கு எதையும் முன்னமே சொல்லத் தோன்றவில்லை.

என் மனைவி கிரிஜா இறந்து அன்றைக்கு ஒன்பது நாள். காலையில் தலையிடிக்குது என்றாள். மாலையில் ஆஸ்பத்திரித் திரைச்சீலை ஒன்றுக்குப் பின்னால் வைத்து எனக்குச் சொன்னார்கள். வயது இருபத்தொன்பது. 1991 பெப்ரவரி, பனி கொட்டிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் நடந்த தகனத்துக்குப் பாதிப் பேர் வந்து சேரவில்லை.

தவநாயகி அக்கா கிரிஜாவின் அண்ணி. புருஷன் கனகலிங்கம் அண்ணை, கிரிஜாவின் ஒரே சகோதரர். செய்தி கேட்ட அன்றே இருவரும் லண்டனின் மறுகோடியில் உள்ள ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து இரண்டு சூட்கேசுகளோடு தோர்ண்டன் ஹீத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை என்னோடு இருப்பதாக ஏற்பாடு. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேன்.

செத்த வீட்டில் தகனம் முடியும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. தெரிந்தவர்கள் சோறும் சாம்பாரும் கொண்டுவந்தார்கள். ஒன்பதாம் நாள்தான் எங்கள் வீட்டில் முதல் சமையல். அதனால்தான் எலிகள் அதுவரை நிம்மதியாகக் கிடந்தன.

"உது என்ன தம்பி?"

"எலி."

"அது தெரியுது. ஏன்?"

"றெஜினோல்டின்ர சாப்பாடு."

அக்கா உறைபெட்டியை மெல்ல மூடினார். சின்ன அறையில் பாம்பு இருப்பது அவருக்குத் தெரியும். அது பாலும் முட்டையும் குடித்துக்கொண்டு ஒருமாதிரிச் சைவமாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தாராம்.

றெஜினோல்ட் ஐந்தடி நீளச் சாரை. அமெரிக்கச் சாரை. மஞ்சள் உடம்பு, தலையிலிருந்து வால்வரை நாலு கறுப்புக் கோடுகள். கிரிஜா வேலை செய்த மிருக வைத்தியசாலைக்கு ஒருவர் அவனைக் காட்டக் கொண்டுவந்தார். திரும்ப எடுத்துப்போக வரவில்லை. பெயர் அந்த மனிதர் வைத்தது. கிரிஜா அவனைத் தலையணை உறைக்குள் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வாடகை ஒப்பந்தத்தில் நாயும் பூனையும் கூடாது என்றுதான் எழுதியிருந்தது.

முதல் மாதம் கடித்தான். ரோசா முள் கிழித்ததுபோல வரிசையாகச் சில புள்ளிகள், அதற்குமேல் ஒன்றுமில்லை. விஷம் கிடையாது. கடிக்காத நேரங்களில் வாலைப் பத்திரிகைத் தாளில் படபடவென்று அடித்து, தான் ஏதோ பெரிய பாம்பு என்று காட்டப் பார்த்தான். அதுவும் பலிக்காவிட்டால் நாற்றம் விட்டான்.

"பயந்தவன் செய்யிற மூண்டு வேலையும் செய்யிறான்," என்றாள் கிரிஜா. "நீங்கள் லண்டனுக்கு வந்த புதுசில நாற்றம் மட்டும்தான் விடேல்ல."

மூன்றாம் மாதம் அவள் சட்டைக் கைக்குள் நுழைந்து கழுத்தால் வெளியே வந்தான். பிறகு கடிக்கவே இல்லை. சாரைக்கு விடுப்புப் பார்க்கும் குணம், எதையும் துருவி அறியும் ஆசை, அதிகம். புத்தக அலுமாரி, திரைச்சீலைக் கம்பி, என் சப்பாத்து என்று எல்லாவற்றையும் நாக்கால் விசாரிப்பான். விசாரித்ததை யாரிடமும் போய்ச் சொல்லமாட்டான். எங்கள் ஆட்களிடம் காணாத குணம் என்பாள் கிரிஜா.

நவம்பரில் அவன் சாப்பாட்டை நிறுத்தினான். ஆண் சாரைகள் குளிர்காலத்தில் அப்படிச் செய்வதுண்டு என்று அவளுடைய புத்தகத்தில் இருந்தது. பதினொரு கிழமை போய்விட்டது. முதுகெலும்பு கூரைபோல எழுந்து தெரிந்தது. ஒருநாள் அவனாகவே கேட்பான், கேட்கும்போது கொடுத்துவிட வேண்டும், தவறவிட்டால் மறுபடி வாயை மூடிக்கொள்வான், இந்த மெலிவில் அது தாங்காது என்று கிரிஜா சொல்லியிருந்தாள்.

தகனத்துக்கு மறுநாள் காலை கேட்டான். கண்ணாடியில் மூக்கை வைத்து, என் கை போன பக்கமெல்லாம் தலையைத் திருப்பினான். எனக்கு அப்போது விருப்பம் என்று ஒன்றும் இருக்கவில்லை. தேநீரில் சீனி போட்டதா என்றுகூடத் தெரியாமல் குடித்தேன். ஆனால் இவன் சாப்பிட வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

அன்று மத்தியானம்தான் அக்கா உறைபெட்டியைத் திறந்தார்.

துடக்கு வீடு, அதாவது சாவுத் தீட்டு உள்ள வீடு, முப்பத்தொரு நாள் சைவமாக இருக்க வேண்டும் என்று அக்கா விளக்கினார். இறந்தவருக்கு விளக்கு எரிகிற வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாசற்படி தாண்டக்கூடாது. பாம்புக்கு அது பொருந்தாது என்றேன். வீட்டுக்குத்தானே சட்டம், ஆட்களுக்கா என்றார்.

"நாகபாம்பெண்டாலும் பாலைக் குடிச்சுக்கொண்டு மரியாதையாக் கிடக்கும். உது சாரை."

பாம்பு எதுவும் பால் குடிக்காது என்றேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். புத்தி பேதலித்தவர்களோடு வாதாடக்கூடாது என்ற முகம்.

கனகலிங்கம் அண்ணைக்கு வேறு கவலை இருந்தது. சாரைதான் ஆண், நாகம்தான் பெண் என்று அவர் ஊரில் கேள்விப்பட்டிருந்தார். சாரை இருக்கிற இடத்துக்கு மணம் பிடித்துக்கொண்டு நாகம் தேடி வரும்.

"தோர்ண்டன் ஹீத்துக்கோ?" என்றார் அக்கா. "விசா எடுத்துக்கொண்டோ?"

 ஒன்பது நாளில் அண்ணை சின்ன அறைக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. குளியலறைக்கு அந்த வழியால் போகும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டு போவார்.

எலிகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பல்கனிப் பனிக்குள் புதைத்தேன். பல்கனி வீடா என்று அரை மணித்தியாலம் விவாதம் நடந்தது. கூரை இல்லாதபடியால் வீடு இல்லை என்று முடிவானது. அப்படியானால் றெஜினோல்டையும் அங்கேயே வைத்துச் சாப்பிடக் கொடுக்கலாமே என்றார் அக்கா. அந்தக் குளிரில் அவன் வாயைத் திறக்கவும் மாட்டான், உயிரோடு இருக்கவும் மாட்டான் என்றேன். ஏறக்குறைய அதே கதிதானே எங்களுக்கும் இந்த நாட்டில் என்றார் அண்ணை, சுவரைப் பார்த்தபடி.

கடைசியில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அந்தியேட்டிக் கிரியை செய்யப்போகிறவர் அவர்தான். அவர் சிரிக்கவில்லை. பதினைந்து வருடமாக லண்டனில் இருப்பவர், இதைவிடச் சிக்கலான கேள்விகளைக் கேட்டிருப்பார் போலும். முதலில், இறந்தவருக்கு இரத்த உறவா என்று விசாரித்தார். இல்லை என்றார் அண்ணை. தத்தெடுத்ததா? அண்ணை என்னைப் பார்த்தார். பத்திரம் ஒன்றும் இல்லை என்றேன். பெயர் என்ன? அண்ணை பெயரைச் சொன்னார். ஐயர் இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

"வேதக்காரர் போல கிடக்கு," என்றார் ஐயர். கிறிஸ்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய குரல் சமையலறைவரை கேட்டது. "அப்ப அவருக்குத் துடக்கில்லை. ஆனா வீட்டுக்கு இருக்கு. வெளியில சாப்பிட்டா எனக்கு ஆட்சேபணை இல்லை."

துடக்கு வீட்டு ஆட்கள் அடுத்தவர் வீட்டுக்குள் போகக்கூடாது. ஆகவே நண்பர்கள் வீடு சரிவராது. நாலு பக்கமும் மூடிய, சூடான, வீடாக இல்லாத ஓர் இடம் வேண்டும். மூவரும் யோசித்தோம். அக்கா மேசையில் கிடந்த கார்ச் சாவியைப் பார்த்தார். அண்ணை அக்காவைப் பார்த்தார்.

"நான் கார் ஓட மட்டும்தான்," என்றார் அண்ணை. "திரும்பிப் பார்க்கமாட்டன்."

மறுநாள் சனிக்கிழமை, பகல் இரண்டு மணி. றெஜினோல்டை மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் விட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணையின் டட்சனில் பின்சீற்றில் ஏறினேன். பக்கத்தில் பிஸ்கட் டின். காலுக்கிடையில் சுடுதண்ணீர்ப் பிளாஸ்க். அண்ணை தன் சீற்றை முன்னுக்கு இழுத்து, வயிறு ஸ்டியரிங்கில் முட்ட உட்கார்ந்திருந்தார். முருகன் பெயரை மூன்று முறை சொல்லிவிட்டுச் சாவியைத் திருகினார்.

அந்தக் காரில் ஓடினால்தான் சூடு வரும். ஓடினோம். பனியைத் தெருவோரம் அள்ளிக் குவித்திருந்தார்கள். குரோய்டன்வரை போய், அகதி விண்ணப்பங்கள் பார்க்கிற அந்தப் பெரிய கட்டடத்தைச் சுற்றினோம். அதைக் கடக்கும்போது அண்ணை வேகத்தைக் குறைத்தார். இப்போதும் யாராவது நம்பர் கூப்பிடுவார்கள் என்பதுபோல. நான் பிளாஸ்க் மூடியில் சுடுதண்ணீர் ஊற்றி எலியை ஊறவைத்தேன். கார் சூடாகிக் கண்ணாடிகளில் ஆவி படிந்தது. எலி மணந்தது.

இடுக்கியில் பிடித்து நீட்டினேன். றெஜினோல்ட் பார்த்தான். சாப்பிடவில்லை. கார் அதிர்ந்துகொண்டிருந்தது.

"நிப்பாட்ட வேணும் அண்ணை. எஞ்சினையும்."

"சூடு போயிடுமே?"

"கொஞ்ச நேரம் நிக்கும்."

ஒரு பக்கத் தெருவில் நிறுத்தினார். சத்தம் அடங்கியது. எலியை ஆட்டாமல் பிடித்திருந்தேன். ஐந்து நிமிடம். கை வலித்தது. பத்து நிமிடம். என் மூச்சு வெள்ளையாகத் தெரியத் தொடங்கியது. இன்னும் ஐந்து நிமிடம் போனால் அவனும் குளிர்ந்துவிடுவான், பிறகு இதெல்லாம் வீண்.

அண்ணை முன் கண்ணாடியைப் பார்த்தபடி மெல்லப் பேசினார்.

"இதைப் பார்க்கிற பயத்திலதான் ரெண்டு வருஷம் உங்கட வீட்டுப் பக்கம் வரேல்ல."

"தெரியும்."

"வேலை எண்டு சொன்னனான்."

"ஓம்."

"அவளுக்குத் தெரியுமோ?"

"தெரியும். உங்களுக்காக ஒருக்கா அவனைக் குளியலறைக்குள்ள பூட்டி வச்சவள். நீங்கள் அண்டைக்கும் வரேல்ல."

 அவருடைய காது சிவந்தது மட்டும் பின்னாலிருந்து தெரிந்தது. நான் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அது உண்மை, அவர் கேட்டார்.

அப்போது றெஜினோல்ட் பாய்ந்தான். பாய்ந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. இடுக்கி வெறுமையாக இருந்தது, எலியைச் சுற்றி மூன்று வளையம். இறுக்கினான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், தலை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவசரமில்லாமல் நெரித்தான்.

அண்ணை திரும்பிப் பார்த்துவிட்டார். பார்த்த கண்ணை எடுக்கவில்லை.

"எலி செத்துத்தானே கிடந்தது?"

"ஓம்."

"உவருக்கு அதைச் சொல்லேலாதோ?"

"சொன்னாலும் நம்பமாட்டான். தானே ஒருக்கா கொன்று பார்க்கவேணும்."

அண்ணை தலையாட்டினார். பிறகு றெஜினோல்ட் விழுங்கத் தொடங்கினான். அது பன்னிரண்டு நிமிடம் எடுத்தது. அண்ணை முழுவதையும் பார்த்தார். எலியின் வால் நுனி உள்ளே போனபோது நீண்ட மூச்சு விட்டார், தானே விழுங்கியதுபோல.  

வீட்டு வாசலில் அக்கா நின்றார். கையில் கரண்டி.

"சாப்பிட்டதோ?"

"சாப்பிட்டான்."

"எலி எங்க?"

நான் பெட்டியைக் காட்டினேன். றெஜினோல்டின் நடுவில் ஒரு புடைப்பு. அக்கா அதைப் பார்த்தார். நாங்கள் மூவரும் யோசிக்காத விஷயம் அது.

"வயித்துக்குள்ள மச்சத்தோட விளக்கு எரியிற வீட்டுக்குள்ள வரேலாது," என்றார். "எவ்வளவு நாள் செல்லும் அது கரைய?"

"நாலு நாள்."

"அப்ப நாலு நாள் வெளியில."

ஐயருக்கு எடுத்துப் பார்க்கலாம் என்றேன். ஐயர் இன்றைக்கு ஒரு கலியாணத்தில் நிற்கிறார், இரவுதான் வருவார் என்றார் அக்கா. வெளியில் வைத்தால் செத்துப்போவான் என்றேன். எனக்கே என் குரல் புதிதாகக் கேட்டது, கொஞ்சம் உரத்து. அக்கா என்னை உற்றுப் பார்த்தார். நகரவில்லை. ஐயர் சொன்னதைத்தான் தானும் சொல்வதாகவும், தனக்கும் இதில் ஆசை இல்லை என்றும் சொன்னார். நாளைக்குக் கிரிஜாவின் ஆத்மாவுக்கு ஏதும் குறை வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்.

பனி மறுபடி தூறியது. அண்ணை என் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். வாங்குவார் என்று நான் நினைக்கவில்லை. தன் கோட்டைத் திறந்து, பெட்டியை உள்ளே நெஞ்சோடு வைத்து, கோட்டை மூடிப் பிடித்துக்கொண்டார். கண்களை இறுக மூடியிருந்தார்.

"குளிருது," என்றார்.

"ஆருக்கு?" என்றார் அக்கா.

"றெஜினோல்டுக்கு."

அக்கா தன் புருஷனை மேலும் கீழும் பார்த்தார். தெருவில் ஒரு கார் போனது. அண்ணையின் பல் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கண்ணைத் திறக்கவும் இல்லை, பெட்டியைத் தரவும் இல்லை.

"வெளியில போய்ச் சாப்பிட்டிட்டு வந்தவை எல்லாரும் முழுகிப்போட்டு உள்ளுக்குள்ள போங்கோ," என்றார் அக்கா கடைசியில், விலகி வழிவிட்டபடி. "மூண்டு பேரும்."

சாப்பிட்ட பாம்பை இரண்டு நாளைக்குத் தொடக்கூடாது, தொட்டால் சாப்பிட்டதைக் கக்கிவிடும் என்றேன்.

"கக்கினா எல்லாம் வீட்டுக்குள்ளதானே கிடக்கும்?"

"ஓம்."

அக்கா யோசித்தார்.

"அப்ப அவர் திங்கட்கிழமை முழுகட்டும்."

திங்கட்கிழமை சட்டியில் தண்ணீரை அக்காவே சூடாக்கினார். விரலை விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தார். மஞ்சள் மட்டும் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.