தூங்க வைக்கும் பூ

கைருன் பீவி வீட்டுக்கு மீன் கொடுக்கப் போகிற சாமுண்டீஸ்வரி, கொடுத்தோமா வந்தோமா என்று திரும்புகிறவள் இல்லை, அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். எண்பத்தொன்பதாம் வருஷம் அது. பீவியின் புருஷனுக்குக் கப்பலில் வேலை. ஜப்பான் பக்கம் போய் வந்தவன், டீவியில் மாட்டி வீடியோ கேம் ஆடுகிற ஒரு பெட்டியும், அதில் செருக, ஒரே கதை தொடர்ந்து போகிற மூன்று அட்டைகளும் கொண்டுவந்து கொடுத்திருந்தான். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. பீவிக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. கத்தி பிடித்த சின்னப் பொம்மை ஒன்று பூதங்களோடு சண்டை போடும். அது ஒரு அடி, பூதம் ஒரு அடி. மாற்றி மாற்றித்தான், நம் ஊர்ச் சண்டைபோல் எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்கிற வழக்கம் அங்கே இல்லை.

"இது பாடு மாதிரில்ல இருக்குது," என்றாள் சாமுண்டி. ஏரியில் இறால் ஓடுகிற இடத்தில் வலை கட்ட வீட்டுக்கு வீடு முறை வைத்திருக்கிறார்கள்; அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். இன்னொருத்தன் முறையில் கை வைத்தால் மண்டை உடையும்.

"ஆமா. இப்பப் பாரு," என்று பீவி, பொம்மையின் பையிலிருந்து ஒரு நீலப் பூவை எடுத்து வீசினாள். பூதம் கண்ணை மூடிக்கொண்டது. "தூங்கிடுச்சு. இனி அதுக்குப் பாடு இல்லே. எந்த அட்டையப் போட்டாலும் இந்தப் பூ ஒண்ணு இருக்கும். பூ கையில இருந்தா எனக்கு பயமே கெடையாது."

சாமுண்டிக்கு அன்று சிரிப்பு வரவில்லை. மறுநாள் அவள் புருஷன் செங்கல்வராயனின் பாடு. அதே இடத்துக்கு வலையோடு வருவதாக அவள் அண்ணன் வரதன் அக்கரைக் குப்பத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தான். புயலில் தன் முறை வீணாய்ப் போனதாம், அதற்கு ஈடாக இந்த முறை தனக்காம். செங்கல்வராயன் சும்மா இருந்தானா? ஊர்ச் சபை நடுவில் நின்று, "வரட்டும், துடுப்பாலயே கைய முறிச்சு அனுப்பறேன்" என்று வாயை விட்டுவிட்டான். வீம்பில் ஒருத்தனுக்கு ஒருத்தன் சளைத்தவன் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவள் இவள்தான். அண்ணனுக்கு ஒன்று ஆனாலும் இழவு இவளுக்கு, புருஷனுக்கு ஒன்று ஆனாலும் இழவு இவளுக்கு.

அவள் பிறந்த குப்பத்தில், முறைக்காரன் தண்ணீரில் இறங்காவிட்டால் அன்றைய பாடு யாருக்கும் பொது. செங்கல்வராயன் படுத்துவிட்டால் வரதன் வலை கட்டுவதில் தப்பே இல்லை. சண்டைக்கும் ஆள் இல்லை. வீட்டுக்குத் திரும்புகிற வழியில் வேலியோரம் ஊமத்தை பூத்திருந்தது. நீலமில்லை, வெள்ளை. அவளுக்கு அது போதும்.

காலையில் பூவை அரைத்துக் கஞ்சியில் கலந்து புருஷனுக்குக் கொடுத்தாள். ஊமத்தை ஆளையே கொண்டுபோய்விடும் என்று தெரியாதவள் இல்லை. தெரிந்துதான் கொடுத்தாள், மனசு அப்படிக் கெட்டுக் கிடந்தது. அவன் மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தான். கொஞ்ச நேரத்தில் கண் சிவந்து, உடம்பு கொதித்து, என்றோ செத்துப்போன தன் நைனாவோடு பேச ஆரம்பித்தான். பிறகு தடாலென்று சாய்ந்தான். சாமுண்டி அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஊர்ப் பெரியவர் வடிவேலு உள்ளே வந்தார். படுத்திருந்தவன் நெற்றியைத் தொட்டார்.

"இன்னாம்மா இது, நெருப்பா கொதிக்குது?"

"காத்தாலருந்து இப்படித்தான் மாமா. இன்னைக்கு அவரால எழுந்திருக்க முடியாது."

"அவன் ஏன் எழுந்திருக்கணும்? நோவுல கெடக்கறவன் மொறையில ஊரே எறங்கி வலை கட்டும். எத்தினி வருஷமா இங்க வாழற, தெரியாதா உனக்கு? வூட்டுக்கு ஒரு ஆளு கெளம்புது. வரதன் வரட்டும், பாத்துக்கறோம்."

இந்தக் குப்பத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று சாமுண்டி கேள்விப்பட்டிருக்கிறாள். ஆனால் அவள் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு முறை நாளில் யாரும் நோயில் விழுந்ததில்லை, அடியோடு மறந்துபோனாள். டீவியில் தூங்கிய பூதத்துக்குப் பின்னால் ஊர் கிடையாது. செங்கல்வராயனுக்கு உண்டு. ஒருத்தன் துடுப்புக்குப் பயந்தவள், ஒரு குப்பத்தையே அண்ணன்மேல் ஏவிவிட்டாள்.

கரையில் படகுகளைத் தள்ள ஆரம்பித்திருந்தார்கள். வலை கட்டப் போகிறவர்களுக்கு இத்தனை தடி எதற்கு? தூரத்தில் ஒரே ஒரு படகு வந்துகொண்டிருந்தது. வரதன்தான். துணைக்கு ஓர் ஆள்கூட இல்லாமல் வருகிறான், மடையன். சாமுண்டி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி முதல் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதீங்க! அவருக்கு நோவு இல்லே. நான்தான் ஊமத்தம்பூவ அரைச்சி கஞ்சில குடுத்தேன்!"

கரையில் நின்ற ஒருத்தி காறித் துப்பினாள். படகில் இருந்தவன் ஒருவன் அவளை அடிக்கவே தடியை ஓங்கினான். வடிவேலு தடுத்தார்.

"நோவுன்னா ஊரு போவும். பொண்டாட்டி படுக்க வச்சவனுக்கு ஊரு போவாது. படகைக் கரையேத்துங்கடா." பிறகு அவளிடம் திரும்பினார். "உன்னை வச்சிக்கிறானா, தொரத்தி வுடறானா, எழுந்ததும் அவன் வாயால சொல்லட்டும்."

கரையில் நடந்தது எதுவும் தெரியாமல் வரதன் நிதானமாக வலையைக் கட்டினான்.

பொழுது சாய்கிற நேரத்தில் செங்கல்வராயன் கண் திறந்து தண்ணீர் கேட்டான். சாமுண்டி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அடி விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றான் மெல்ல. "மொத வாய்லயே தெரிஞ்சிடுச்சி, கசப்பு. வேணும்னுதான் குடிச்சேன். சபையில வாய வுட்டுட்டேன், போவாம இருக்க வேற வழி தெரியலே. உங்கண்ணன் கைய முறிக்க எனக்கு மட்டும் மனசு வருமா?"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கல்யாணமான நாள் முதல் இவன்மேல் இவ்வளவு ஆசை வந்ததே இல்லை. "இத மட்டும் அவங்க முன்னால சொல்லிடுய்யா. போதும் எனக்கு," என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

வடிவேலு நாலைந்து பேரோடு வாசலுக்கே வந்துவிட்டார். சபை கூடுகிறவரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. செங்கல்வராயன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே போனான்.

"சொல்றா. உனக்குத் தெரிஞ்சி நடந்துச்சா இது?" என்று கேட்டார் வடிவேலு.

அவன் வாசலில் நின்றவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தான்.

"எனக்கு இன்னாண்ணா தெரியும்," என்றான் செங்கல்வராயன். "கொன்னே போட்டிருப்பா என்னை."

சாமுண்டி அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வைத்துக்கொள்கிறானா துரத்துகிறானா என்கிற மீதியைத் தன் முகத்தைப் பார்த்தே சொல்லட்டும் என்று வெளியே வந்து அவன் எதிரில் நின்றாள்.